பிளாஸ்திரி சுற்றிய குடை

முதல் படத்தில் நூற்று நாற்பத்து மூன்று பொருள்கள் இருந்தன. வீட்டின் இளையவன் பட்டியல் போட்டுக் கொடுத்து, ஒன்று விடாமல் வரையச் சொல்லியிருந்தான். கிளி இல்லாத கிளிக்கூண்டு, ஒற்றைக் கையுறைகள் பதினேழு, பல்செட்டு இரண்டு, யாரோ பாதி பின்னிவிட்டு மறந்துபோன ஸ்வெட்டர், பொத்தான் டப்பா என்று அலமாரி அலமாரியாகக் கூரை வரை ஏறியிருந்தன. நடுவில் ஒரு குமாஸ்தா. அவருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மழை, மழைக்குள் ஒரு பஸ், அந்தப் பஸ்ஸுக்குள்ளும் ஆட்கள். புத்தகங்களுக்கு அட்டைப்படம் போட்டுப் பேர் வாங்கிய ஓவியர் ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பார்க்க வேண்டியவர்கள்தான் பார்க்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக மாடி அறையில் அடைந்துகிடந்து, தன்னந்தனியாக அவன் ஒரு வீடியோ கேம் செய்திருந்தான். பெயர் 'யாருடைய குடை?'. பஸ் டிப்போ ஒன்றில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் கவுண்டர். விளையாடுகிறவர்தான் அதன் குமாஸ்தா. ஒவ்வொருவராக வருவார்கள். தொலைத்ததைச் சரியாகச் சொல்லத் தெரியாது. "நீளமா இருக்கும், என் தங்கச்சி கொடுத்தது" என்பார்கள். அலமாரியைக் குடைந்து, அது எதுவென்று ஊகித்து, எடுத்துக் கொடுக்க வேண்டும். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, யாரும் சாகமாட்டார்கள்.

இணையத்தில் கேம் விற்கும் கடையில், 'விரைவில் வருகிறது' என்ற அறிவிப்போடு, நான்கு மாதமாக அது இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்னப் படம்தான் முகம். தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். அந்த மாதிரி ஆயிரக்கணக்கில் வரிசையாக ஓடும்; பார்க்கிறவர் விரலால் தள்ளிக்கொண்டே போவார். விரல் நின்றால் பிழைப்பு. ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் இவன் படத்தை நான்கு பேர் தொட்டார்கள். அந்த நால்வரில் ஒருவன் இவனே.

இப்போது கடைசி வாய்ப்பு ஒன்று வந்திருந்தது. புதிய கேம்களின் முதல் சில அத்தியாயங்களை யார் வேண்டுமானாலும் விளையாடிப் பார்க்கும்படி கடை ஒரு வாரத் திருவிழா நடத்தும். ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் அதில் கலந்துகொள்ளலாம். பிடித்தவர்கள் 'வேண்டும்' என்ற பொத்தானை அழுத்துவார்கள். இரண்டாயிரம் பேர் அழுத்தினால் கேமை முடித்து வெளியிடுவது, இல்லாவிட்டால் மூட்டை கட்டிவைத்துவிட்டுப் பழைய அலுவலகத்துக்கே போய்விடுவது என்று அவன் வீட்டாரிடமும் பழைய மேலாளரிடமும் வாக்குக் கொடுத்திருந்தான். மேலாளர் அவன் நாற்காலியை இன்னும் காலியாகவே வைத்திருந்தார். அதை நினைத்தாலே அவனுக்கு முதுகு வலித்தது. அடுத்த புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படத்தைப் பூட்டிவிடுவார்கள். பிறகு திருவிழா முடியும் வரை மாற்ற முடியாது. கையில் இருந்தது பத்து நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணி மாடிக்கு வந்தாள். அண்ணன் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் பாதி கடலில் இருப்பான். அண்ணி போர்டு பட்டறையில் வடிவமைப்பாளர். கடைக்கு மாட்டும் அலங்காரப் பலகை இல்லை. சாலையோரம் நிற்கும் வளைவு, பள்ளம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியில் அவசர வழி, தொழிற்சாலையில் 'தொடாதே' — இந்த மாதிரி போர்டுகள். வீட்டில் அதை யாரும் பெரிய வேலையாக நினைத்ததில்லை. இளையவனும்தான். அம்புக்குறி போடுவதில் என்ன கலை இருக்கிறது என்று ஒருநாள் அவள் காதுபடவே கேட்டிருக்கிறான். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் அகலமான திரையில் படத்தை விரித்துக் காட்டினான். அவள் கிட்டே குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி. அந்த ஸ்வெட்டர்ல ஊசி இன்னும் குத்தியிருக்கு பாருங்க."

அவனுக்கு மனம் குளிர்ந்துபோனது. அவள் அப்படியே பின்பக்கமாகவே நடந்து, கதவைத் தாண்டி, மாடிப்படி முனை வரை போய் நின்றாள். அங்கிருந்து கண்ணைச் சுருக்கினாள்.

"இப்ப இது என்ன, ஈரத்துணி மூட்டையா?"

"அண்ணி, அவ்ளோ தூரத்துல இருந்து யார் பார்க்கப் போறாங்க?"

"தூரத்துல இல்ல. அவசரத்துல பார்ப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கடையின் பக்கத்தைத் திறந்து, மற்றப் படங்களுக்கு நடுவே தன் படத்தை அதன் உண்மையான அளவில் பார்த்தபோது, அது எங்கே இருக்கிறதென்று அவனே தேட வேண்டியிருந்தது. நான்கு மாதமும் அவன் அதைத் தன் பெரிய திரையில், பெரிய அளவில், காபி குடித்துக்கொண்டே ரசித்திருக்கிறான். ஊர் உலகம் பார்த்தது ஒரு பழுப்புக் கறையைத்தான். பெயர்கூட வளைந்து நெளிந்து, துளி சொட்டும் எழுத்தில் இருந்ததால் எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரிந்தது. கேம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தி மாறாட்டம் உண்டு. தான் மூன்று வருடம் பார்த்ததை மற்றவன் மூன்று நொடியாவது பார்ப்பான் என்று நம்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமை அண்ணி அவனைப் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். நீளமான கொட்டகை. உள்ளே அலுமினியத் தகடு வெட்டும் சத்தம், பசைத்தாளின் நெடி. வெளியே சுவரை ஒட்டி ஒரு மண்பாதை, அதன் கோடியில் ஒரு கம்பம். புதிதாக வரைந்த போர்டை அந்தக் கம்பத்தில் மாட்டுவார்கள். அண்ணி வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வேன் வேகம் பிடிக்கும். டிரைவர் "இப்ப" என்றதும் கண்ணைத் திறந்து, அவர் "சரி" என்றதும் மூடிவிடுவாள். நடுவில் கண்டதை அப்படியே சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு கல்குவாரிக்கான போர்டு. "லாரி. அதுக்கு முன்னாடி ஏதோ... நாயா? மனுஷனா?" என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். குனிந்து நிற்கும் தொழிலாளி. அண்ணியே போர்டைக் கழற்றி, அந்த மனிதனை நிமிர்த்தி, காலை அகட்டி, வேறாக வரைய உட்கார்ந்தாள்.

"நான் வரைஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாயா மனுஷனான்னு ஒருத்தன் யோசிச்சிட்டு இருக்கிற நேரத்துல லாரி வந்துரும்," என்றாள்.

இளையவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு வருடமாக ஒரே சமையலறையில் காபி குடிக்கிற மனுஷி. இவ்வளவு பெரிய வேலைக்காரி என்று இவனுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அம்புக்குறியைப் பற்றித் தான் கேட்டது ஞாபகம் வந்து காது சூடானது.

வீட்டில் ஓடுகிற வேன் கிடையாது. அதற்கு அண்ணி கண்டுபிடித்த வழிதான் அப்பா.

அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வுபெற்றவர். இடதுகைக்காரர், வீட்டில் கத்தரிக்கோல்கூட அவருக்கென்று தனி. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வலது கண்ணுக்கு ஆபரேஷன் அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுவரை உலகம் அவருக்குப் பனிமூட்டத்துக்குள் நடமாடும் நிறங்கள்தான். அண்ணி, கடையில் உள்ள மற்ற கேம்களின் படங்கள் நாற்பதை ஒரே தாளில் உண்மையான அளவில் அச்சடித்து, நடுவில் இவன் படத்தைச் சொருகி, சோபாவிலிருந்து இரண்டு முழத் தொலைவில் பிடித்தாள்.

"மாமா, உங்க கண்ணுக்கு எது முதல்ல படுதோ அதைச் சொல்லுங்க. யோசிக்கவே கூடாது."

"இந்த வீட்டுல என் கண்ணுக்கு இப்பதாம்மா மரியாதை கிடைச்சிருக்கு," என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்," என்றாள் அம்மா, உள்ளேயிருந்து. அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் விட வேண்டிய சொட்டு மருந்துகளுக்கு அட்டவணை போட்டு, அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள்.

செவ்வாய் முதல் வியாழன் வரை இளையவன் விதவிதமாக மாற்றிப் பார்த்தான். அப்பா இரக்கமே காட்டவில்லை. பழைய ஓவியம்: "யாரோ கம்பளியைக் காயப்போட்டிருக்காங்க." குமாஸ்தாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கினான். "பாவம், பல்வலி." ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பை வைத்தான். அவனுக்கே கண் கலங்கும் படம் அது. அப்பா பதறிப்போய், "ஐயையோ, யாரு செத்துட்டாங்க?" என்றார். விரித்த சிவப்புக் குடையை மழையில் நிறுத்தினான். அப்பா சட்டென்று இடது கையை நீட்டித் தாளைத் தொட்டார். இளையவன் குதித்தேவிட்டான். அவர் தொட்டது பக்கத்துக் கட்டத்தில் இருந்த யாருடையதோ காளான். அந்தத் தாளில் மழையும் விரித்த குடையுமாக ஏற்கெனவே ஐந்து இருந்தன. மூக்கு உடைந்தவனாக அவன் மாடிக்குப் போனான்.

கேம் செய்கிற நண்பன் ஒருவன் போனில் யோசனை சொன்னான். அலமாரிக்குப் பின்னால் ஒரு பேய் நிழலை வை, எட்டிப்பார்க்கிற மாதிரி சிவப்புக் கண் ரெண்டு போடு, விரல் தானாக நிற்கும் என்றான். நின்றாலும் நிற்கும். இளையவன் ஆசையோடு அதை அண்ணியிடம் சொன்னான்.

"உள்ள பேய் இருக்கா?"

"இல்ல."

"வளைவுன்னு போர்டு வச்சிட்டு அங்க வளைவு இல்லேன்னா, அடுத்த போர்டை எவன் நம்புவான்? பேய் பிடிக்கிறவன் வந்து ஏமாந்து திட்டிட்டுப் போவான். பேயைக் கண்டா பயப்படுறவன், உங்க கேமை ரசிக்கப்போற ஆளு, வாசலோடயே திரும்பிடுவான். ரெண்டு பக்கமும் நஷ்டம்."

அதே மூன்று நாளும் வேலை விட்டு வந்ததும் அவள் மாடியில் உட்கார்ந்து அவன் கேமை விளையாடினாள். வீட்டில் அதை விளையாடிய முதல் ஆள் அவள்தான். அம்மாவைப் பொறுத்தவரை அவன் மேலே பொம்மை ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணிக்கு மவுஸ் பிடித்து ஆடிப் பழக்கமில்லை. பொத்தான் டப்பாவை மூன்று முறை கீழே போட்டாள். ஒவ்வொரு முறையும் அத்தனை பொத்தானையும் பொறுக்கினாள். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. அதில் என்ன எழுதுகிறாள் என்று அவன் எட்டிப்பார்த்தால் மூடிக்கொள்வாள்.

"இந்த ஆளு யாரு?" என்று வியாழக்கிழமை கேட்டாள். "தினமும் வர்றாரு. பச்சைக் குடை, கைப்பிடியில வெள்ளைப் பிளாஸ்திரி சுத்தினதுங்கறாரு. பதினாலு நாளும் வந்து, இல்லேன்னதும் தலையாட்டிட்டுப் போறாரு. கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லையே?"

"அந்த முடிவு இன்னும் எழுதல அண்ணி. என்ன எழுதறதுன்னு தெரியல. சும்மா, கற்பனைதான்."

பொய். கற்பனையில் வந்தது அந்த மனிதரின் மீசை மட்டும்தான். அம்மா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய பச்சைக் குடை ஒன்று இருந்தது. ஒன்பது வருடம் உழைத்துக் கைப்பிடி விரிசல்விட்டபோது, அவள் ஆஸ்பத்திரிப் பையிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து அப்பாதான் சுற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் அதே அப்பா அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். அம்மா கேட்டதற்கு, "போனா போகுது, விடு. வேற வாங்கிக்கலாம்," என்றார். அந்த 'போனா போகுது'தான் அம்மாவுக்குத் தைத்துவிட்டது. முப்பத்திரண்டு வருடமாக அப்பா செருப்பு மாட்டும்போதெல்லாம், "எதையும் விட்டுட்டு வந்துடாதீங்க. நீங்க போனா போகுதுன்னு சொல்ற ஆளு," என்பாள். ஆனால் அப்பா ஆறு வயது இளையவனின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் டிப்போ கவுண்டருக்குப் பதினான்கு முறை போயிருக்கிறார். அந்த அலமாரிகளை அவன் அண்ணாந்து பார்த்தது அங்கேதான். "கிடைச்சா கொண்டுபோய்க் கொடுப்போம். கிடைக்கலேன்னா தேடினதை அம்மாகிட்ட சொல்லாதே. தேடியும் கிடைக்கலேன்னு தெரிஞ்சா இன்னும் வருத்தப்படுவா," என்றார் அப்பா. அவனும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது வளர்ந்து வளர்ந்து ஒரு கேம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணி நோட்டைத் திறந்தாள். அதில் பட்டியல் இல்லை, விமர்சனம் இல்லை. ஒரே வார்த்தையை எழுதி, அதற்கு நேரே கோடு கோடாகப் போட்டு எண்ணி வைத்திருந்தாள்: நீட்டினேன்.

"மூணு நாளா என் கை என்ன செஞ்சுதுன்னு மட்டும் பார்த்தேன் தம்பி. தேடுறது, பேசறது எல்லாம் இருக்கு. ஆனா மனசு நிறையற இடம், கவுண்டருக்கு மேல எடுத்து நீட்டுறேனே, அதுதான். 'இது உங்களோடதா?'ன்னு கேக்கறது. உங்க கேம் அவ்ளோதான்."

இளையவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்தான். இந்தக் கேம் எதைப் பற்றியது என்று விளக்கி அவன் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தான். அவனுக்கே அது முழுதாகப் புரிந்ததில்லை. இவள் ஒரு கையசைவில் சொல்லிவிட்டாள். அவனுக்குப் பெருமையா, பொறாமையா, அழுகையா என்று தெரியவில்லை. மூன்றும்தான்.

அதே கையோடு அவள் படத்தை வெட்டவும் ஆரம்பித்தாள். அலமாரி போனது. மழை போனது. பஸ்ஸும் ஜன்னலும் குமாஸ்தாவும் போனார்கள்.

"அண்ணி, கிளிக்கூண்டையாவது ஓரமா வைங்க. பதினோரு நாள் வேலை அது."

"கூண்டு உள்ளேயே இருக்கட்டும். வீட்டுச் சாமானை எல்லாம் வாசல்ல கொட்டி வச்சா வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?"

"ஒரே ஒரு கையுறை?"

அவள் கையுறையை அழித்தாள். எதிரே இருப்பவர் மனம் நோகுமே என்று பார்க்கிற ஆள் இல்லை, வேலை என்று வந்துவிட்டால்.

மிஞ்சியது இவ்வளவு: மஞ்சள் பின்னணி. கீழே கவுண்டரின் கறுப்பு விளிம்பு. ஓரத்திலிருந்து ஒரு கை, பார்க்கிறவரை நோக்கி ஒரு குடையை நீட்டுகிறது. விரித்த குடை இல்லை, மடக்கிய பச்சைக் குடை. கைப்பிடியில் வெள்ளைப் பிளாஸ்திரி. அந்த வெள்ளை இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு குடை. அது இருந்தால் யாரோ ஒருவருடைய குடை. கதை தெரியாமலே அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். கடை ஒரே படத்தைப் பல அளவுகளில் கேட்கும். அவள் முதலில் மிகச் சிறியதை வரைந்து முடித்துவிட்டு, பிறகு அதைத்தான் பெரிதாக்கினாள். "சின்னதுல தெரியாதது பெருசுலயும் வேண்டாம்," என்பது அவள் சட்டம். தலைப்பை நெளிவு சுளிவு இல்லாத தடித்த எழுத்தில் இரண்டு வரியாக நிறுத்தினாள். கேள்விக்குறியைக்கூட ஒரு குமிழ் அளவுக்குக் கொழுக்கவைத்தாள்.

திங்கட்கிழமை மாலை, ஆபரேஷனுக்கு முந்தைய நாள், கடைசிப் பரிசோதனை. அண்ணி தாளைப் பிடித்தாள். நாற்பத்தோரு படம். அப்பா கண்ணை இடுக்கவில்லை. அவர் கை நேராக நடுவுக்குப் போனது.

"இந்த மஞ்சள். குடை... யாரோ யார்கிட்டயோ குடுக்குறாங்க. குடுக்குறாங்களா, வாங்குறாங்களா? ஏம்மா, யாரோட குடை அது?"

அண்ணி தாளைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். இளையவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புரை விழுந்த ஒரு மனிதர், தலைப்பைப் படிக்கவே முடியாதவர், கேமின் பெயரையே தன் வாயால் கேட்டுவிட்டார். அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குக் கூச்சப்பட்டு, அம்புக்குறி பற்றி முன்பு கேட்டதற்கு மன்னிப்பு கேட்டான். "எந்த அம்புக்குறி?" என்றாள் அவள். நிஜமாகவே மறந்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. புதன்கிழமை காலை கட்டைப் பிரித்தார்கள். மதியம் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "என்னடி, இவ்ளோ நரைச்சிடுச்சு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு அவருக்கு ஓர் ஆசை வந்தது. தான் பாஸ் போட்ட படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிவந்தார்கள். அரை நாள் லீவு போட்டிருந்த அண்ணி படத்தைப் பெரிய திரையில் வைத்தாள். சொட்டு மருந்து நேரமாகிவிட்டதென்று அம்மாவும் குப்பியோடு பின்னாலேயே ஏறி வந்தாள்.

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் காப்பாற்றியதைத் திரையில் இவ்வளவு பெரிதாக வைத்துவிட்டோமே என்று இளையவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிளாஸ்திரி தப்பா சுத்தியிருக்கு," என்றார் அப்பா.

"என்ன மாமா?"

"கோடு இந்தப் பக்கமா சரியுது பாரு. இது வலதுகைக்காரன் சுத்தினது. நான் இப்படிச் சுத்தினேன்." இடது கையால் காற்றில் சுற்றிக் காட்டினார்.

"எதைச் சுத்தினீங்க?" என்றாள் அம்மா. பிறகு அவளும் திரையைப் பார்த்தாள். "இது என் குடை இல்ல?"

அவள் குப்பியோடு திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. என் குடைதான். பஸ்ல விட்டுட்டு வந்து, போனா போகுதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரே, அதே குடை. இத இங்க யாரு வரைஞ்சது?"

இளையவனுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "போனா போகுதுன்னு விடலம்மா. டிப்போ கவுண்டருக்குப் போனோம். அப்பாவும் நானும். பதினாலு தடவை."

"பதினாலா?"

"கடைசி தடவை நல்ல மழை. கவுண்டர்ல இருந்தவர், இனிமே வராதீங்க, கிடைச்சா நானே சொல்லி அனுப்புறேன்னுட்டாரு. அப்பா எதுவும் சொல்லாம தலையாட்டிட்டு வந்தாரு."

அண்ணி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். பதினான்கு நாளும் வந்துபோகும் அந்த மனிதர் யாரென்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க நிறைய இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று ஒரு சண்டையே போட்டிருக்கலாம். "தலையை நிமிர்த்துங்க. மருந்து விடணும்," என்று மட்டும் சொன்னாள். அவர் நிமிர்ந்தார். சொட்டு கண்ணைத் தவறிக் கன்னத்தில் விழுந்தது. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அவளுக்குக் கை தவறி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பா அதைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

நாலு முப்பத்தைந்துக்கு அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். படத்தைத் திறந்து, கைப்பிடியைப் பெரிதாக்கி, பிளாஸ்திரியின் மூன்று கோடுகளையும் அழித்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க? இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"திருப்பிச் சுத்தறேன்."

"சின்னப் படத்துல அது ஒரு வெள்ளைப் புள்ளி. எவன் கண்ணுக்கும் தெரியாது. நீங்கதானே சொன்னீங்க, தெரியாதது வேண்டாம்னு?"

"சொன்னேன். இது தெரிய வேண்டிய ஆளுக்குத் தெரிஞ்சிடுச்சே தம்பி," என்றாள், திரையிலிருந்து கண் எடுக்காமல். "மாமா, எங்க ஆரம்பிச்சீங்க? மேலயா, கீழயா?"

"கீழ இருந்தும்மா. ஒவ்வொரு சுத்துக்கும் பாதி ஏத்தி."

அவர் சொல்லச் சொல்ல அவள் சுற்றினாள். ஒரு கிளிக்கூண்டுக்கு இடம் கொடுக்காதவள், ஒரு கையுறைக்கு மனமிரங்காதவள், உலகத்தில் ஒருவரும் பார்க்கப்போகாத மூன்று கோட்டை இடதுகைக்காரர் சுற்றியது போலவே, அவ்வளவு நிதானமாகத் திருப்பிப் போட்டாள். இளையவன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். இப்படி வேலை செய்கிற ஒரு ஆள் தன் வீட்டிலேயே இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நினைத்துக்கொண்டு நின்றான். நாலு ஐம்பத்தி ரெண்டுக்குப் படம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

திருவிழா நடந்த வாரத்தில் அவன் நகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதல் நாள் ஆயிரம் பேர் பார்த்தால் முப்பது பேர் நின்றார்கள். அது நாற்பத்தைந்து ஆனது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர், "அந்தக் குடை யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் உள்ளே வந்தேன், நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை," என்று எழுதினார். ஐந்தாம் நாள் மதியம் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. மேலாளருக்குப் போன் போட்டு, நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான். கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அண்ணியின் பெயரை முதலில் போட்டுக் காட்டினான். அவள் மாடிப்படி முனைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, "எழுத்து பத்தாது," என்றாள்.

அன்று சாயங்காலம், அண்ணி வாயால் கேமின் கதையைக் கேட்டுவிட்டு அம்மா மேலே வந்தாள். கேம் என்று ஒன்றை அவள் பக்கத்தில் வந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பதினாலு நாள் வர்ற ஆளுக்குக் கடைசியில என்னடா ஆகுது?"

"இன்னும் எழுதலம்மா."

"அவர் பொண்டாட்டிக்குத் தெரியுமா, அவர் வந்து தேடுறது?"

"தெரியாது."

"அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன அந்த மனுஷனுக்கு," என்று சொல்லிவிட்டு, அவன் மேசையில் இருந்த காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அம்மா இறங்கிப் போனாள்.

இளையவன் மூன்று வருடமாக எழுத வராத அத்தியாயத்தைத் திறந்தான். பதினைந்தாம் நாள், கவுண்டர் திறக்கிறது. அந்த ஆள் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு பெண்மணி வந்து, நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டு கேட்கிறாள்: "எங்க வீட்டுக்காரர் இங்க தினமும் வந்தாராமே. எத்தனை தடவை வந்தாருன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"